மூச்சு விடும் மூடைகள்

அறுவடை முடிந்த கையோடு அடுக்கிவைத்த நெல் மூடைக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்ப்பவர்களை அம்பாறைக் கரையோரத்தில் எங்கும் காணலாம். வியாபாரி விடுவார், ஆலைக்காரர் விடுவார், நெல்லுக்கு உரியவரும் விடுவார். உள்ளே வெதுவெதுப்புத் தட்டினால் முகம் மாறிவிடும். "இன்னும் ஈரமாக் கிடக்கு காக்கா" என்ற ஒரு பேச்சில் விலை இறங்கும்.

அந்தச் சூடு வெயிலில் பிடித்ததல்ல. நெல் தானே உண்டாக்கிக்கொண்டது.

நெல்மணி உயிருள்ள விதை. வெட்டிய பிறகும் அது சுவாசிக்கிறது; தன்னுள் இருக்கும் மாச்சத்தை ஒட்சிசனோடு சேர்த்து மெல்ல எரித்து, காபனீரொட்சைட்டையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. நன்றாகக் காய்ந்த நெல்லில் இந்தச் சுவாசம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக நடக்கும். ஈரம் ஏற ஏற வேகம் பிடிக்கும். ஒரு மணி விட்ட நீராவி பக்கத்து மணியை நனைக்கிறது, அது விட்ட வெப்பம் அடுத்ததன் சுவாசத்தைத் தூண்டுகிறது. பூஞ்சணம் வந்து சேர்ந்தால் அதுவும் தன் பங்குக்குச் சுவாசிக்கும். இப்படி உள்ளுக்குள்ளேயே வெந்த நெல்லைக் குற்றினால் அரிசி மஞ்சளித்து வரும், விதைத்தால் முளைக்காது.

பிலிப்பைன்ஸின் லொஸ் பானொஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. சில மாதங்கள் வைக்க 14 வீத ஈரப்பதன் போதும். எட்டு மாதம், ஒரு வருடம் என்றால் 13. ஒரு வருடத்தைத் தாண்டி விதைநெல்லாக வைப்பதற்கு 9 அல்லது அதற்கும் கீழ். ஈரம் ஒரு வீதம் குறைந்தாலும், வெப்பநிலை 5 பாகை குறைந்தாலும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதையியலாளர் ஹாரிங்டன் சொன்ன கைக்கணக்கு. வெட்டும்போது நெல்லில் இருப்பதோ 20 முதல் 24 வீதம் வரையான ஈரம்.

ஆக, இந்தக் கரையோரப் பாலமுனையில் ஒருவர் தன் நெல்லை விற்காமல் நாலு மாதம் வைத்திருக்க நினைத்தால் முதலில் அதன் மூச்சை அடக்கியாக வேண்டும்.

ஒரு காலத்தில் இந்த வேலையின் பாதியை வட்டையே செய்து கொடுத்தது. அரிவாளால் வெட்டிய கதிரை உப்பட்டியாக வயலிலேயே சில நாள் போட்டுவைப்பார்கள். பிறகு களவெட்டிக்குக் கொண்டுவந்து போராக அடுக்கிச் சூடு வைப்பார்கள். சூடு மிதித்துத் தூற்றி நெல் வீட்டுக்கு வரும்போது வெயிலும் காற்றும் அதன் ஈரத்தைப் பெருமளவு குடித்திருக்கும். இப்போது நெல் வெட்டும் மெசின் ஒரு பக்கம் கதிரை விழுங்கி மறுபக்கம் சாக்கில் நெல்லைக் கொட்டுகிறது. நாட்கணக்கில் நடந்த வேலை நிமிடக் கணக்கில் முடிகிறது. ஆனால் அந்த நாட்களில் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்த உலர்த்தலும் அதோடு போய்விட்டது. வயலில் போயிருக்க வேண்டிய ஈரம் மூடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மெசினைக் குறை சொல்லிப் பயனில்லை. வெட்டுவதற்கு ஆள் கிடைக்காத காலத்தில் அது இல்லாமல் வேளாண்மையே இல்லை. ஆனால் வெட்டும் வேகம் கூடிய அளவுக்கு உலர்த்தும் வசதி கூடவில்லை.

அதனால்தான் பெரும்போக அறுவடைக் காலத்தில் கரையோர வீதிகளின் ஓரமெல்லாம் பொன்னிறமாகிவிடுகிறது. பள்ளி முற்றம், விளையாட்டு மைதானம், வீட்டு முன்றில் என்று சமதரை கண்ட இடமெல்லாம் நெல் காயும். செலவில்லாத சூரிய சக்தி என்று பார்த்தால் இதைவிடப் பசுமையான முறை கிடையாது. ஆனால் தார் வீதி நண்பகலில் கொதிக்கும். மெல்லிய படையாகப் பரப்பிக் கிளறாமல் விட்ட நெல்லில் மணியின் வெளிப்புறம் வேகமாகக் காய்ந்து சுருங்க, நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். அந்த இழுபறியில் அரிசிக்குள் மயிரிழை வெடிப்பு விழும். உமிக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஆலையில் போட்டதும் குறுநொயாக உடையும். மேலே மேகம் கறுத்தால் எல்லாரும் ஓடிவந்து வாரிக் கட்டவேண்டும் என்பது வேறு பாடு. வடகீழ்ப் பருவமழையின் வாலைப் பிடித்துக்கொண்டே பெரும்போக அறுவடை வருவதால் அந்த ஓட்டம் வருடா வருடம் உண்டு.

உலர்த்த வசதியும் வைக்க இடமும் இல்லாதவர் ஈரநெல்லை வயல் வரம்பிலேயே விற்றுவிடுகிறார். எல்லாரும் விற்கும் நேரத்தில் விலை எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று கொள்வனவு விலை அறிவித்தது. நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியத்தில் அந்த விலை கிடைக்க நெல் 14 வீத ஈரத்துக்கு இறங்கியிருக்க வேண்டியிருந்தது. விலைப் பலகைக்கும் விவசாயிக்கும் இடையில் நிற்பது பல வேளைகளில் அந்த ஆறேழு வீதத் தண்ணீர்தான்.

வைக்க இடம் இல்லை என்பது ஊர்ப் புலம்பல் மட்டுமல்ல. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட மத்தள சர்வதேச விமான நிலையத்துக்கு விமானங்கள் வராமல் போக, 2015இல் அதன் சரக்குக் கட்டடத்தில் அரசாங்கம் நெல் மூடைகளை அடுக்கியது. உலகப் பத்திரிகைகள் சிரித்தன. வீணாகப் போன முதலீட்டைப் பார்த்துச் சிரிப்பது நியாயம். ஆனால் சும்மா கிடக்கும் கூரைக்குக் கீழே நெல்லை வைப்பது, புதிதாகச் சீமெந்தும் இரும்பும் கொட்டிக் கட்டுவதைவிடக் கெட்டிக்கார வேலை.

பொருள் வைக்க இடம் வாடகைக்கு விடுவது மேல்நாடுகளில் பெரிய தொழில். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1960களில் சூடுபிடித்த தொழில் அது. பூட்டும் சாவியும் வாடகைக்காரர் கையில், கட்டடம் மட்டும் முதலாளிக்கு. இன்று அந்த நிறுவனங்கள் சுற்றுச்சூழல் பற்றிப் பேசும்போது கூரையில் சூரியத் தகடு, ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்கு, அட்டைப்பெட்டியின் மறுபாவனை ஆகியவற்றைத்தான் சொல்கின்றன. யூ-ஹோல் நிறுவனத்தின் கிளைகளில் பாவித்த பெட்டியை விட்டுச் செல்லலாம், தேவையானவர் இலவசமாக எடுத்துச் செல்லலாம். நல்ல ஏற்பாடுதான். அங்கே பூட்டிவைப்பது பழைய கட்டிலும் அலுமாரியும். அவை மூச்சு விடுவதில்லை, வண்டு வைத்துக் குறைவதுமில்லை.

நெல்லுக்கும் அப்படியொரு வாடகை முறை இலங்கையில் வந்திருக்கிறது. முருங்கன், புத்தல போன்ற இடங்களில் கட்டப்பட்ட களஞ்சியங்களில் விவசாயி தன் நெல்லை வைத்து ரசீது பெறலாம். அந்த ரசீதை வங்கியில் ஈடு வைத்துக் கடனும் எடுக்கலாம். நகையை அடகு வைக்கும் வீட்டில் நெல்லை அடகு வைக்க ஒரு வழி. ஆனால் அந்த ரசீதுக்குப் பெறுமதி இருப்பது உள்ளே இருக்கும் நெல் குறையாமல் இருக்கும்வரைதான்.

இங்கேதான் களஞ்சியத்தின் சுற்றுச்சூழல் கணக்கு மற்றக் கட்டடங்களின் கணக்கிலிருந்து பிரிகிறது. ஒரு கிலோ நெல் விளைய, மழையாகவும் பாய்ச்சலாகவும் வயலுக்குச் சராசரியாக 2500 லீற்றர் தண்ணீர் போகிறது என்பது நெல் ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. 50 கிலோ மூடை ஒன்று பூஞ்சணம் பிடித்து வீணானால் ஒன்றேகால் இலட்சம் லீற்றர் தண்ணீரும் வீண். இந்த மாவட்டத்தின் பாய்ச்சல் வயல்களுக்கு அந்தத் தண்ணீரின் பெரும்பங்கு சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வருகிறது. அதோடு யூரியா, டீசல், நீர் நின்ற வயலிலிருந்து கிளம்பிய மெதேன் வாயு எல்லாம் சேர்த்தே எண்ண வேண்டும். முஸ்லிம்களின் கடமைத் தானமான ஸகாத் கணக்கில் வானம் பார்த்த விளைச்சலுக்குப் பத்தில் ஒன்றும், இறைத்துப் பாய்ச்சிய விளைச்சலுக்கு இருபதில் ஒன்றும் என்று வைத்திருப்பது, தண்ணீரின் செலவை அப்போதே கணக்கில் எடுத்தவர்கள் வேலை. அறுவடைக்குப் பின் தொடங்கி சில்லறைக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் உலக உணவில் ஏறக்குறைய 14 வீதம் இழக்கப்படுகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. ஒரு நெற்களஞ்சியம் சுற்றுச்சூழலுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி கூரையில் ஏற்றும் தகடு அல்ல, வாசலில் வைத்திருக்கும் ஈரமானிதான்.

ஈரமானி வாங்க முடியாதவர்களுக்குக் கடற்கரை ஊரில் இன்னொரு வழி உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் நெல்லும், சட்டியில் வறுத்து ஆறவைத்த உப்பும் போட்டு மூடிக் குலுக்க வேண்டும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் நெல்லின் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாமல் கீழே உதிர்ந்து கிடந்தால் மூடை கட்டலாம். வறுத்த உப்பு சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்ற ஒரே தத்துவத்தில் இயங்கும் கருவி இது.

காயவைத்தால் மட்டும் போதாது. நெல்லும் உப்பைப் போலக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதன் 75 வீதமாக இருக்கும் இடத்தில் நெல் 14 வீதத்தை ஒட்டி நின்றுவிடும். மாரிக் கடற்காற்றில் அது 85ஐத் தாண்டினால், பாடுபட்டுக் காயவைத்த நெல் சாக்குக்குள் இருந்தபடியே மெல்ல 15, 16 என்று ஏறும். சீமெந்துத் தரையில் நேராக வைத்த அடி மூடை முதலில் நனைவதும், இரவில் குளிர்ந்த தகரக் கூரையில் கோத்த நீர் மேல் மூடையில் சொட்டுவதும் இதோடு சேரும். அடியில் பலகைத் தட்டு, சுவரிலிருந்து ஆள் நுழையும் இடைவெளி என்று களஞ்சியக்காரர்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

முன்னோர் இதை வேறு மாதிரி சமாளித்தார்கள். கிழக்கில் பட்டறை, தஞ்சைப் பக்கம் குதிரும் பத்தாயமும், சிங்களக் கிராமங்களில் வரிச்சி பின்னி மண்ணும் சாணமும் பூசிய வீ பிஸ்ஸ. பெயரும் வடிவமும் ஊருக்கு ஊர் வேறு. நெல்லை மூடை மூடையாகப் பிரிக்காமல் ஒரே குவியலாக வைத்தார்கள் என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது. அதில் ஒரு பூச்சியியல் நுட்பம் இருக்கிறது. நெல்லின் பெரிய எதிரியான அந்துப்பூச்சி மெல்லிய உடம்புக்காரி. குவியலுக்குள் ஆழமாகப் புகுந்து போக அதனால் முடியாது. மேற்பரப்பில் முட்டையிட்டு, மேல்படையை மட்டும் கெடுக்கும். அதே நெல்லை நூறு சாக்கில் கட்டி வைத்தால் நூறு சாக்கின் எல்லாப் பக்கமும் அதற்கு மேற்பரப்பு. தானியத்தைத் துளைக்கும் வண்டுகளுக்கு இந்தத் தடை இல்லை. அரிசி வண்டு மணியைக் குடைந்து உள்ளே ஒரு முட்டை இட்டு, வாயைத் தன் சுரப்பால் அடைத்துவிடும். வெப்பமான காலத்தில் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை மணியை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும்.

வேப்பிலையும் நொச்சியும் போட்டுவைத்தது வெறும் நம்பிக்கை அல்ல. 1968இல் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியின் பசியையும் வளர்ச்சியையும் குழப்புகிறது. ஆனால் அது வேப்பங்கொட்டையில்தான் செறிவாக இருக்கிறது. காய்ந்த இலை கொஞ்சம் தூவினால் ஓரளவு விரட்டுமே தவிர, மணிக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. இன்று பெரிய களஞ்சியங்கள் நம்பியிருப்பது பொஸ்பீன் வாயுவை. அலுமினியம் பொஸ்பைட்டு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் அதை வெளிவிடும். பூச்சியைக் கொல்லும் வாயு மனிதனையும் கொல்லும். வீட்டு அறையில் நெல் அடுக்கி, அதே வீட்டில் பிள்ளைகள் உறங்கும் இடத்தில் அந்த மாத்திரைக்கு வேலையே இல்லை.

இந்த இடத்தில் நெல்லின் மூச்சையே ஆயுதமாக்கும் வழி ஒன்று வருகிறது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் லரி மேர்டொக் ஆபிரிக்காவின் கமரூனில் காராமணி விவசாயிகளோடு வேலை செய்தார். மருந்து வாங்கப் பணமில்லாதவர்கள் அவர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தடித்த பொலித்தீன் பைகள், அதற்கு வெளியே வழக்கமான பின்னல் சாக்கு என்ற மூன்றடுக்குப் பை அந்த ஆராய்ச்சியில் பிறந்தது. தானியத்தை நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, ஒவ்வொரு பையின் வாயையும் முறுக்கி மடித்துக் கட்ட வேண்டும். உள்ளே சிக்கிய பூச்சிகளும் தானியமும் இருக்கும் ஒட்சிசனைச் சுவாசித்துத் தீர்க்கும். வெளிக்காற்று நுழையாது. 21 வீதமாக இருந்த ஒட்சிசன் 5 வீதத்துக்குக் கீழே இறங்க, பூச்சிகள் தின்பதை நிறுத்தி, உலர்ந்து, சாகும். நெல்லுக்கென இதே தத்துவத்தில் 50 கிலோ கொள்ளும் உள்ளுறை ஒன்றை நெல் ஆராய்ச்சி நிறுவனமும் பரப்பியது. பத்து நாளுக்குள்ளேயே பெரும்பாலான பூச்சிகள் அடங்கிவிடும். மாரிக்காற்றின் ஈரமும் உள்ளே போகாது. விதைநெல்லின் முளைதிறன் நீண்ட நாள் தங்கும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: நெல் முதலில் காய்ந்திருக்க வேண்டும். ஈரநெல்லை இறுகக் கட்டினால் புளித்து நாறும்.

நெல்லைக் காக்க இன்னும் இரண்டு பொலித்தீன் பையா என்று கேட்கலாம். கேள்வி சரியானதுதான். ஓட்டை விழாதவரை அந்த உறையைப் பல போகம் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். எலி கடித்தால் அன்றோடு முடிந்தது. சில கிராம் பிளாஸ்டிக்கால் பல கிலோ நெல்லைக் காப்பாற்ற முடிந்தால் கணக்கு அதன் பக்கம் சாயும். அதற்காக அது ஓடைக்குள் போகலாம் என்றாகிவிடாது.

சாக்கின் கதையும் அப்படித்தான். சணல் சாக்கு இருந்த இடத்தைப் பொலிப்புரொப்பிலீன் பின்னல் சாக்கு பிடித்து நெடுங்காலமாகிறது. இந்தக் கரையோரத்தில் ஒரு சாக்கு ஒரு பாவனையோடு சாவதில்லை. பழக்கப்பட்டவர் மூடையின் வாயைக் கத்தியால் அறுக்கமாட்டார். தையலின் சரியான முனையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் நூல் சரசரவென்று முழுதாகக் கழன்று வரும். நூலும் மிச்சம், சாக்கும் முழுசு. நெல்லுக்குப் பிறகு தேங்காய், தேங்காய்க்குப் பிறகு விறகு, கடைசியில் மணல் நிரப்பி வீட்டு வாசலில் வெள்ளத்துக்கு அணை. வெறும் உரப்பையில் மட்டும் நெல்லும் அரிசியும் கட்டக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் பின்னலுக்குள் படிந்த உரம் முழுதாகப் போகாது. நெல் கட்டிய பழைய சாக்கிலும் தையல் மடிப்பில் போன போகத்து வண்டும் முட்டையும் ஒளிந்திருக்கும். புதுநெல் கட்டுமுன் சாக்கை உட்புறம் வெளியாகப் புரட்டி, கொதிக்கும் வெயிலில் கறுப்புப் பொலித்தீனின் கீழ் விரித்துவைத்தால் 50 பாகையைத் தாண்டும் சூட்டில் அவை பிழைக்காது.

ஆனால் பாவித்த பிறகு அந்தச் சாக்கை மாதக்கணக்கில் வெயிலில் போட்டுவைப்பதுதான் தவறு. பொலிப்புரொப்பிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைப் புறஊதாக் கதிர் துண்டு துண்டாக வெட்டும். சில மாதத்தில் தொட்டால் பொடியாக உதிரும் வெள்ளைச் சரடாகிவிடும். பிறகு யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. உதிருமுன் எடுத்துக் கொடுத்தால் உருக்கிக் கதிரையோ வாளியோ செய்யலாம். அதற்கும் உள்ளுறையையும் வெளிச்சாக்கையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பொலித்தீனும் பொலிப்புரொப்பிலீனும் உருகினாலும் ஒன்றோடொன்று நன்றாகக் கலக்காது.

பிரிக்காமல் வீசியது எங்கே போகிறது என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. இதே மாவட்டத்தின் பள்ளக்காட்டில், சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பையைக் கொட்டும் திடல் ஒன்று 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அமைந்தது. சுற்றியிருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது. அதன்பின் யானைகள் உள்ளே வந்து குப்பையை மேயத் தொடங்கின. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியிட்டது. பிரேத பரிசோதனையில் பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும் தண்ணீரும்தான் இருந்தன. யானை வழக்கமாகத் தின்னும் எதுவும் வயிற்றில் இல்லை என்றார் வனவிலங்கு மருத்துவர் நிஹால் புஷ்பகுமார.

சாக்கும் பையும் நாம் வாங்குபவை; மறுபாவனைக்கு நெல் தானாகவே தரும் பொருள் உமி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒன்று அது. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் உள்ள ஆலைகள் நெல் அவிக்க அதைத்தான் எரிக்கின்றன. கோழிக்கூட்டில் விரிப்பதும் செங்கல் சூளைக்குப் போவதும் உண்டு. எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, சீமெந்தோடு கலக்கலாம். உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது.

ஆனால் உமியின் மிகப் பொருத்தமான வேலை அதற்கும் முன்னால் இருக்கிறது. 20 வீத ஈரமுள்ள ஒரு தொன் நெல்லை 14 வீதத்துக்கு இறக்க 70 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். பெருமளவு வெப்பம் வீணாகும் சாதாரண அடுப்பாக இருந்தாலும் அதற்கு 40 கிலோ உமி அளவில் போதும். அந்த ஒரு தொன் நெல்லிலிருந்து பிறகு கிடைக்கப்போகும் உமியோ 180 கிலோவைத் தாண்டும். தன்னை உலர்த்தத் தேவையான விறகைப் போல நாலு மடங்குக்கு மேல் நெல் தானே சுமந்துகொண்டு வருகிறது. வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் 1980களிலிருந்து இந்த வழியைப் பிடித்தார்கள். செங்கல் சுவர் எழுப்பி, ஓட்டைத் தகடு விரித்து, அதன்மேல் நெல்லை முழங்கால் உயரம் பரப்புவார்கள். ஒரு பக்கம் உமி அடுப்பு, அதன் சூட்டைத் தகட்டின் கீழிருந்து மேலே தள்ள ஒரு விசிறி. அங்கும் அறுவடையில் மழை பெய்தது, அங்கும் நெல் வீதியில் காய்ந்துகொண்டிருந்தது. ஊர்த் தச்சரும் கொல்லரும் கட்டக்கூடிய அமைப்பு என்பதால் அந்தப் படுக்கை உலர்த்தி மாகாணம் மாகாணமாகப் பரவியது. சின்ன ஆலைக்காரர்கள் தங்கள் முற்றத்திலேயே ஒன்றைக் கட்டி, பக்கத்து விவசாயியின் நெல்லைக் கூலிக்கு உலர்த்திக் கொடுத்தார்கள்.